இடது பக்கம் கம்மி

ஸ்டிக்கர் ஒட்டாத எதையும் என் அப்பா திருநாவுக்கரசு நம்ப மாட்டார். கல்பாக்கத்தில் அணுத்துறை அலுவலகத்தில் அவருக்கு அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலை. மீட்டரோ கேஜோ தெர்மாமீட்டரோ, எது வந்தாலும் முள் ஒழுங்காக நிற்கிறதா என்று பார்த்து, 'சரிபார்க்கப்பட்டது' என்று தேதி போட்டு ஒட்டிக் கையெழுத்துப் போடுவார். இருபத்தைந்து வருஷம் இதையே செய்த மனுஷனுக்கு வீட்டுக்கு வந்தால் கை சும்மா இருக்குமா? சுவர்க் கடிகாரத்தில் ஸ்டிக்கர், சமையலறைத் தராசில் ஸ்டிக்கர், என் ஜாமெட்ரி பாக்ஸில் இருந்த ஸ்கேலில் கூட ஸ்டிக்கர். "எனக்கு எப்போ ஒட்டப் போறீங்க?" என்று அம்மா ஒருநாள் கேட்டாள். "உன்ன எத்த வெச்சு சரி பார்க்கறது?" என்றார். கிண்டல் இல்லை, உண்மையாகவே யோசித்துச் சொன்ன பதில்.

அவருக்கு இன்னொரு வேதமும் உண்டு. குறி போட்டிருந்தால் குறிப்படிதான் மாட்ட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சிவப்பு ஒயரைக் கறுப்பில் மாட்டி, ஒரு மீட்டரைப் புகைய விட்டு, மெமோ வாங்கியவர். அந்த மெமோவை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார், தன் கல்யாணப் பத்திரிகைக்கும் பட்டாவுக்கும் நடுவில். டி.வி. ரிமோட்டுக்கு பேட்டரி போடுவதென்றாலும் மூக்குக் கண்ணாடியைத் தேடுவார். கூட்டல் குறி, கழித்தல் குறி பார்க்காமல் பேட்டரி போடுகிறவர்களை அவர் மனித ஜாதியில் சேர்ப்பதில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலே அவருடைய காது. அப்படித்தான் குடியிருப்பில் பேச்சு. பிள்ளையார் கோயில் விழாவுக்கு மைக் செட் கட்டினால் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். அவர் நடுவில் நின்று, கண்ணை மூடி, கையை உயர்த்தி, "லெஃப்ட்ட ஏத்து... இன்னும் ஏத்து..." என்பார். விழா முடியும்வரை இடது பெட்டிக்குப் பக்கத்தில் யாராலும் உட்கார முடியாது. ஒரு வருஷம் அங்கே படுத்திருந்த நாய் குடியிருப்பை விட்டே போய்விட்டது. "உங்கப்பாவுக்குத் தங்கக் காதும்மா" என்பார் அவரோடு வேலை செய்த பக்தவத்சலம். அவர் எப்போதும் வலது பெட்டிக்குப் பக்கத்தில் உட்காருகிறவர்.

தங்கக் காதுக்குத் தினமும் பூஜை உண்டு. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வலது கையில் பேப்பர், இடது கையில் ஸ்கூட்டர் சாவி. சாவி இடது காதுக்குள் போகும். கண் பாதி மூடும், வாய் ஒரு பக்கம் கோணும், கால் பெருவிரல் தானாக ஆடும். அந்த நேரத்தில் வீடே பற்றி எரிந்தாலும் எழுந்திருக்க மாட்டார். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். அன்றைக்கு வலது பக்கமாகச் சாய்ந்து படுத்து, இடது காதில் இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டுக்கொள்வார். "காதுக்கு சர்வீஸ்" என்பார்.

இனி என் கதை. நான் வைஷாலி, ஒரே மகள். சாப்பாட்டு மேஜையில் அப்பாவுக்கு வலது பக்க நாற்காலி அம்மா லதாவுக்கு, சமையலறைக்கு எழுந்து போக வசதி. இடது பக்கம் எனக்கு. நான் பேச ஆரம்பித்தால் அப்பா முகத்தைச் சுளிப்பார். "இன்னாத்துக்கு வாய்க்குள்ளயே பேசிகினு கீற? வாயத் தொறந்து பேசு." சின்ன வயசிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டு, எனக்குக் குரலே இல்லை என்று நானும் நம்பிவிட்டேன். வீட்டில் எனக்குப் பெயரே முணுமுணுப்பு. அதில் ஒரு சௌகரியமும் இருந்தது. எப்படியும் கேட்கப் போவதில்லை என்ற தைரியத்தில், அவர் பக்கத்தில் உட்கார்ந்தே அவரைத் திட்டுவேன். சமையலறையிலிருந்து அம்மா முறைப்பாள். அம்மாவுக்குப் பாம்புக் காது என்று நினைத்துக்கொண்டேன்.

செங்கல்பட்டில் பி.எஸ்சி. முடித்தபிறகு வேலை தேடும் படலம். என்னோடு படித்தவள் ரூத், செய்யூர்க்காரி. அவள் தாத்தா பாட்டி அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அப்பா கிருபாகரன் பஸ் கண்டக்டர். 2006 ஜனவரியில் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனிக்கு ஆள் எடுத்தார்கள். அமெரிக்காவில் யார் வீட்டு ஃபிரிட்ஜ் கெட்டாலும் போனில் இங்கிருந்து ஆறுதல் சொல்கிற வேலை. ரூத் அவள் அப்பாவிடம் கேட்டாள். "போ" என்றார். டிக்கெட் கிழிக்கிற நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

நான் என் அப்பாவிடம் கேட்டேன். கேட்டது அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் முறை கத்தினேன்.

"உனக்கா? போன்ல பேசற வேலையா?" என்று சிரித்தார். "எனக்கே நீ பேசறது கேக்கல. அமெரிக்காக்காரனுக்குக் கேக்குமா? போய் மானத்த வாங்கினு வராத."

அழுதேன். சத்தமாகத்தான் அழுதேன். அது அவருக்குக் கேட்டது. கொஞ்சம் இளகினார். ஆனால் இளகினாலும் அவர் அளவுக் கருவிக்காரர் அல்லவா? நான் பேசிக் காட்ட வேண்டும், அதைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய வேண்டும், அவர் கேட்டுத் தீர்ப்புச் சொல்வார், குரல் தேறினால் போகலாம் என்றார். ரூத் எழுதிக் கொடுத்த பத்தியைப் பதிவு செய்தேன். 'கவலைப்படாதீர்கள் மேடம், உங்கள் ஃபிரிட்ஜ் நாளைக்குள் சரியாகிவிடும்' என்று இங்கிலீஷில் முகம் தெரியாத ஒரு அம்மாளைத் தேற்றும் பத்தி. அப்பா கம்ப்யூட்டரோடு வந்த சோப்பு டப்பா ஸ்பீக்கரில் ஐந்து விநாடி கேட்டார். நிறுத்தினார்.

"இந்த டப்பாவ வெச்சு ஒரு பொண்ணோட எதிர்காலத்த முடிவு பண்ணக் கூடாது. மொதல்ல கருவி சரியா இருக்கணும். தரமான ஹெட்போன் ஒண்ணு வாங்கணும்."

போனஸில் இரண்டாயிரம் ரூபாய் ஒதுக்கினார். அவர் வாழ்க்கையில் தனக்கென்று ஒதுக்கிய முதல் பணம். அதனால் ஒரு பைசா வீணாகக் கூடாது, ஆக அவசரப்படக் கூடாது. நாற்பது பக்க நோட்டு வாங்கினார். இங்கிலீஷ் பத்திரிகைகளிலிருந்து ஓம்ஸ், ஹெர்ட்ஸ் என்று எழுதிக் குவித்தார். பக்தவத்சலம் தன் பங்குக்கு, "ஒயரு மொத்தமா இருந்தா சத்தமும் மொத்தமா வரும் மச்சான்" என்றார். அதையும் எழுதிக்கொண்டார். இதற்குள் ஜனவரி முடிந்துவிட்டது. ரூத் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அடுத்த தேர்வு ஆகஸ்டில்தான் என்றார்கள். "நல்லதாப் போச்சு. டைம் கீது" என்றார் அப்பா. அவர் இடது பக்கம் உட்கார்ந்து நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. அம்மா கரண்டியைத் தரையில் போட்டாள்.

முதல் படையெடுப்பு செங்கல்பட்டு பஜாரில் தனகோடி கடை. என் குரலைப் பதித்த சி.டி.யும், என் சி.டி. பிளேயரும் மஞ்சள் பையில். எல்லா ஹெட்போனையும் ஒரே ஒலியில் சோதிக்க வேண்டும் என்பது அப்பாவின் முறை. முதலாவதை மாட்டினார். கண்ணை மூடினார்.

"இடது பக்கம் கம்மி."

அடுத்தது. "இதுலயும் கம்மி." அதற்கடுத்தது. "சுத்தமா இல்ல."

தனகோடி வாங்கித் தன் காதில் மாட்டிக் கேட்டார். "நல்லாத்தான சார் கீது? பொண்ணு கொரலு கணீர்னு கீது. யாரு சார் அது?"

"கொரலக் கேக்கல. இடது பக்கம் கம்மியா இல்லியா, அத்தச் சொல்லு."

"ரெண்டும் ஒண்ணாத்தான் கீது. இந்தா, திருப்பி மாட்டிப் பாரு சார்." தனகோடி ஹெட்போனைத் திருப்பிப் பிடித்தார். அப்பா பாம்பைக் கண்டதுபோலப் பின்வாங்கினார்.

"எல் போட்டிருந்தா இடது காது. ஆர் போட்டிருந்தா வலது காது. படிச்சவன்தான நீ?"

தனகோடி என்னைப் பார்த்தார். நான் கடைக் கூரையைப் பார்த்தேன். கணீர் என்று யாரோ என் குரலைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதை நான் நம்பவில்லை, வியாபாரப் பேச்சு என்று நினைத்தேன். இருபது வருஷம் ஒரே ஆள் ஒரே பொய்யைச் சொன்னால் அது அப்படித்தான் எலும்புக்குள் போய்விடும்.

ஏப்ரலில் மின்சார ரயிலேறி சென்னை ரிச்சி தெரு. வெயிலில் ஐந்து கடை, பதினோரு ஹெட்போன். பதினொன்றிலும் இடது பக்கம் கம்மி. ஐந்தாவது கடைக்காரர் பொறுமைசாலி. எல்லாவற்றையும் திரும்பப் பெட்டியில் வைத்தபடி கேட்டார்.

"அண்ணாத்த, பதினொண்ணுலயும் ஒரே பக்கம் கம்மின்னா, கோளாறு ஹெட்போன்லயா இருக்கும்?"

"அத்ததான் நானும் சொல்றேன்" என்றார் அப்பா. "எல்லாம் ஒரே ஃபாக்டரி."

ரயிலில் திரும்பும்போது அவருக்கு ஞானம் பிறந்தது. நல்ல சரக்கை வெள்ளைக்காரனுக்கு அனுப்பிவிட்டு, இடது பக்கம் கம்மியானதையெல்லாம் பொறுக்கி நமக்கு அனுப்புகிறார்கள். பரனூர் தாண்டும்வரை இதை எனக்கு விளக்கினார். எதிர் சீட்டில் இருந்தவர் நம்பிவிட்டார் என்பதுதான் கொடுமை. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள் அம்மா, அன்றைக்கு அவர் குளிக்கப் போனபிறகு. அவளும் விஷயம் தெரிந்து சொல்லவில்லை. எரிச்சலில் சொன்னாள்.

வெள்ளைக்காரன் ஹெட்போன்தான் வேண்டும் என்றால் மாமல்லபுரத்துக்குப் போக வேண்டும். அங்கே லாட்ஜ் வைத்திருந்த கோதண்டராமன் அப்பாவோடு அச்சரப்பாக்கத்தில் பள்ளிக்கூடம் படித்தவர். கல் செதுக்கக் கற்றுக்கொள்ள வந்து இரண்டு மாதம் தங்கிய ஒரு ஜெர்மன்காரர், ஊருக்குப் போகும்போது தன் ஹெட்போனை அவரிடம் விற்றுவிட்டுப் போயிருந்தார். கறுப்பாக, கனமாக, இரண்டு காதிலும் தனித்தனி ஒயர் இறங்கி, பார்த்தாலே மரியாதை வந்தது. விலை ஆயிரத்து எண்ணூறு. சுற்றிலும் உளி டொக் டொக்கென்று அடித்துக்கொண்டிருக்க, அப்பா அதை மாட்டினார். முகம் விழுந்துவிட்டது.

"ஜெர்மன்காரனையே ஏமாத்தியிருக்கானுங்கடா."

கோதண்டராமன் வாங்கிக் கேட்டார். "இன்னாடா கம்மி? சூப்பரா கீது. இது யாரு, ரேடியோல பேசற பொண்ணா?"

"என் பொண்ணு" என்றார் அப்பா, ஏதோ தப்பை ஒப்புக்கொள்கிறவர் மாதிரி.

ஆனாலும் வாங்கிவிட்டார். இடது பக்கம் கம்மி என்று சொல்லிச் சொல்லியே இருநூறு ரூபாய் குறைத்தார். இத்தனை கருவியைச் சரிபார்த்தவன், இதைச் சரிசெய்ய முடியாதா என்ற திமிர். வீட்டுக்கு வந்து ஜூலை மாதம் முழுக்க அதைப் பிரித்து மேஜையில் பரப்பினார். இடது பக்கத்தில் குறையே கண்டுபிடிக்க முடியவில்லை. இடதை ஏற்ற முடியாவிட்டால் வலதை இறக்குவோம் என்று முடிவு செய்து, வலது பக்க ஒயரில் ரெசிஸ்டர்களைச் சூடு வைத்துப் பற்றவைத்தார். ஒன்று போதவில்லை. இரண்டு. மூன்று. மூன்றாவதில் அவருக்கு இரண்டு பக்கமும் ஒன்றானது. அவர் அப்போது சிரித்த சிரிப்பை என் பி.எஸ்சி. ரிசல்ட்டுக்குக் கூடச் சிரிக்கவில்லை. பிரித்துக் கழற்றியதில் பழைய எழுத்துகள் உரிந்துவிட்டிருந்தன. அலுவலக ஸ்டிக்கர் இரண்டை எடுத்து, ஒன்றில் எல், ஒன்றில் ஆர் எழுதி ஒட்டி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார். சரிபார்க்கப்பட்டது.

ஆகஸ்ட் தேர்வுக்குப் பதினோரு நாள் இருந்தது. அம்மாவை உட்காரவைத்து, என்னை நிற்கவைத்து, அப்பா ஹெட்போனை மாட்டி என் குரலைக் கேட்டார். சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். கடைசிவரை கூட்டினார். கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தீர்ப்புச் சொல்லும் நீதிபதி போலத் தொண்டையைச் செருமினார்.

"கருவி மேல இப்போ சந்தேகமே இல்ல. ரெண்டு பக்கமும் சமம். உன் கொரலு பத்தல வைஷாலி. முழு சவுண்டு வெச்சும் கெணத்துல இருந்து பேசற மாரி கீது."

எட்டு மாதம் காத்திருந்தது இதற்கு. எனக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது. அவர் காபி குடிக்கப் போனதும், அப்படி என்ன கிணறு என்று பார்க்க அந்த ஹெட்போனை எடுத்து என் தலையில் மாட்டி ஓடவிட்டேன். இடது காதில் இடி விழுந்தது. வலது பக்கம் தூரத்தில் கொசு பாடியது. பிடுங்கி எறிந்துவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

அப்போது எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. பதினொரு ஹெட்போன். பிள்ளையார் கோயில் இடது பெட்டி. ஓடிப்போன நாய். ஸ்கூட்டர் சாவி. என் நாற்காலி.

சொன்னால் கேட்பாரா? "திருப்பி மாட்டிப் பாருங்கப்பா" என்றால் மெமோ கதையை ஆரம்பிப்பார். ஆனால் ஸ்டிக்கர் சொன்னால் கேட்பார். ஒரு ஊசியால் இரண்டு ஸ்டிக்கரையும் பூப்போல உரித்தேன். எல் இருந்த இடத்தில் ஆர், ஆர் இருந்த இடத்தில் எல். அழுத்தி ஒட்டினேன். பிறகு போய், "அப்பா, கடைசியா ஒரே ஒரு தடவ கேளுங்க. அப்புறம் நான் இத்தப் பத்திப் பேச மாட்டேன்" என்று கத்தினேன்.

தோற்றவளுக்குக் காட்டும் பெருந்தன்மையோடு வந்து உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடி போட்டு எழுத்தைப் பார்த்தார். குறிப்படி மாட்டினார். சத்தம் முழு அளவில் வைத்தபடியே இருந்தது. நான் பொத்தானை அழுத்தினேன்.

'கவலைப்படாதீர்கள் மேடம்' என்று அவருடைய வலது காதுக்குள் அலறினேன். அப்பா நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். "ஐயையோ! கழட்டு, கழட்டு!" ஹெட்போன் ஒரு பக்கம், மூக்குக் கண்ணாடி ஒரு பக்கம். அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள்.

"இன்னாடி பண்ண? ஷார்ட் ஆயிடுச்சா?"

"ஒண்ணும் பண்ணலப்பா. ஸ்டிக்கர மட்டும் மாத்தி ஒட்டினேன். இடி விழற பக்கத்த நீங்க இத்தினி நாளா இடது காதுலதான் வெச்சிருந்தீங்க. அது உங்களுக்கு மெதுவா கேட்டுது." நான் நிறுத்தவில்லை. "ஹெட்போன் நல்லாத்தான் இருந்துதுப்பா. பதினொண்ணும் நல்லாத்தான் இருந்துது. என் கொரலும் நல்லாத்தான் கீது."

அவர் கீழே கிடந்ததை எடுத்து, ஸ்டிக்கரைப் பார்த்தார். எல் எழுத்தைப் பார்த்தார், ஆர் எழுத்தைப் பார்த்தார். பிறகு, இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக, குறியை மீறி மாட்டிக் கேட்டார். மறுபடி திருப்பி மாட்டிக் கேட்டார். அம்மாவுக்கு விஷயம் மெல்லப் புரிந்தது. சிரிக்க வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். எனக்கு அவர்மேல் பரிதாபம் வந்தது. அது வந்ததில் எனக்கே கோபம்.

செவ்வாய்க்கிழமை செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்குப் போனோம். காது மூக்கு தொண்டைப் பிரிவில் சங்கரி என்று ஒரு இளம் டாக்டர். விளக்கடித்துப் பார்த்தார். "சார், எத்தனை வருஷமா குடையறீங்க?" என்று கேட்டார். அப்பா ஸ்கூட்டர் சாவியை மேஜை மீதிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். டாக்டர் அதைக் கவனித்தார். நாலைந்து நாள் மருந்து விட்டுக்கொண்டு வரச் சொல்லி அனுப்பினார்.

அடுத்த செவ்வாய், ஊசிக் குழாயில் வெதுவெதுப்பான தண்ணீரைப் பாய்ச்சினார்கள். மூன்றாவது பாய்ச்சலில் தட்டில் 'டங்' என்று விழுந்தது. புளியங்கொட்டை அளவு, அதே நிறம். வருஷக்கணக்கில் எண்ணெய் விட்டு, சாவியால் இடித்து இடித்துக் கெட்டிப்படுத்திய குரும்பி. மாமல்லபுரத்தில் யாரும் இவ்வளவு பொறுமையாகக் கல் வேலை செய்திருக்க மாட்டார்கள். அப்பா அதை உற்றுப் பார்த்தார். பழக்க தோஷம், ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவாரோ என்று பயந்தேன்.

வெளியே வந்ததும் நின்றுவிட்டார். ஆட்டோ, பஸ் ஹாரன், பழம் விற்கிறவள் குரல், ஆஸ்பத்திரி வாசல் காக்கை, எல்லாம் இடது பக்கமாக வந்து விழ, திரும்பித் திரும்பிப் பார்த்தார். கல்பாக்கம் பஸ்ஸில் ஏறினோம். நான் வழக்கம்போல அவருக்கு இடது பக்கம், ஜன்னலோரம். திருக்கழுக்குன்றம் வரை அவர் பேசவில்லை. மன்னிப்பு என்ற சொல் அவர் நாற்பது பக்க நோட்டில் எந்தப் பக்கத்திலும் கிடையாது, எனக்குத் தெரியும். அந்த மௌனத்தில் என் பழைய வியாதி திரும்பியது. வெளியே பார்த்தபடி முணுமுணுத்தேன்.

"எட்டு மாசம். ரூத்து ஆறு மாசம் சம்பளம் வாங்கிட்டா. தன் காதுல கல்ல வெச்சிகினு எனக்குக் கொரலு இல்லன்னாரு. இருபது வருஷமா சொன்னாரு. நானும் நம்பினேன் பாரு, என்னச் சொல்லணும். யாரு இன்னா சொன்னாலும் நாளன்னைக்கு வியாழக்கெழம, நான் இன்டர்வியூக்குப் போவத்தான் போறேன்."

முன் சீட்டில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். அப்பா என் பக்கம் சாய்ந்தார். கண் கலங்கியிருந்தது. பஸ்ஸில் எல்லோரும் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தோடு, என் வாழ்க்கையில் அதுவரை ஒரு தடவைகூட அவர் என்னிடம் சொல்லாத வார்த்தையைச் சொன்னார்.

"கத்தாதம்மா. கேக்குது."